ரிஜெக்ட்டு அத்தானும் குட்டைத் தக்காளியும்

என் அக்கா வீட்டுக்காரரைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுத முடியுமா என்று பார்த்தேன். ஒரு வரி கிடைத்தது: குடிக்க மாட்டார். இரண்டாவது வரிக்கு இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். யாரையும் மட்டமாக நினைக்கக் கூடாது என்று தினமும் காலையில் ஆண்டவனை வேண்டிக்கொள்கிறவள் நான். அத்தான் விஷயத்தில் மட்டும் ஆண்டவன் இன்னும் எனக்கு அந்த மனசைக் கொடுக்கவில்லை.

அத்தான் முப்பத்தொரு வருஷம் ஒரு குளிர்பானத் தொழிற்சாலையில் இருந்தார். உட்கார்ந்து பார்க்கிற வேலை. முன்னால் ஒரு வெள்ளை விளக்கு எரியும். கழுவின பாட்டில்கள் வரிசையாக அந்த வெளிச்சத்தைத் தாண்டிப் போகும். விரிசல் விட்டது, வாய் உடைந்தது, அழுக்கு போகாதது எதையாவது கண்டால் கையை நீட்டி எடுத்து ஓரத் தொட்டியில் போட வேண்டும். நல்ல பாட்டிலை அவர் தொட வேண்டியதே இல்லை. அது தன் பாட்டுக்குப் போய்விடும். முப்பத்தொரு வருஷமும் அந்தக் கை கெட்டதை மட்டுமே தொட்டுப் பழகியது. கூட இருந்தவர்கள் அவருக்கு ரிஜெக்ட்டு என்று பேர் வைத்தார்கள். அவர்கள் கேலிக்கு வைத்த பேரை இவர் பட்டம் கிடைத்த மாதிரி வீட்டில் வந்து சொன்னார்.

கடைசியில் அந்த இடத்தில் ஒரு மிஷினைக் கொண்டுவந்து வைத்தார்கள். அது இவரைவிட வேகமாகப் பார்த்தது, வாயைத் திறக்கவும் இல்லை. அத்தானுக்கு ஒரு சாய்வு நாற்காலியைப் பரிசாகக் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். அன்றிலிருந்து வீடுதான் தொழிற்சாலை, அக்காதான் பாட்டில்.

பின்கதவு கீச்சிடுகிறது என்று ஆறு மாதம் சொன்னார். ஆறு மாதமும் சொன்னார், எழுந்திருக்கவில்லை. ஒரு நாள் அக்காவே எண்ணெய் விட்டாள். மறுநாள், "எண்ணெய் வழியுது பாரு" என்றார். டம்ளரைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்காமல் தண்ணீர் குடிக்க மாட்டார். அந்த டம்ளரை ஒரு நாளும் கழுவினதும் இல்லை. வீட்டுக்குப் பின்னால் ஓரமாகக் குழாயடி இருக்கிறது. பாத்திரம் துலக்குவது, துணி துவைப்பது, தண்ணீர் பிடிப்பது எல்லாம் அங்கேதான். அவர்கள் அந்த வீட்டுக்குக் குடிவந்து இருபத்திரண்டு வருஷம். அந்த மூலைக்கு அத்தான் போய் நான் பார்த்ததில்லை.

அக்கா ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிற இடத்தில் வேலை பார்க்கிறாள். அத்தான் வீட்டோடு வந்த பிறகும் அவள் போய்க்கொண்டுதான் இருக்கிறாள். எட்டு மணி நேரம் ஆவிக்குள் நின்று படுக்கை விரிப்புகளை மடிக்க வேண்டும். கீழே ஈரச் சிமெண்டுத் தரை. குதிகால் இரண்டும் வெடித்து, உள்ளே விரல் நுனி போகிற அளவுக்குப் பிளந்திருக்கும். சாயங்காலம் வந்ததும் முதல் வேலையாகச் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மண்ணில் போய் நிற்பாள். எட்டடிக்கு ஆறடி, அவ்வளவுதான் அந்த மண். ஒன்றும் செய்யாமல் சும்மா ஐந்து நிமிஷம் நிற்பாள். அதைப் பார்த்தால் சாமி கும்பிடுகிற மாதிரி இருக்கும் எனக்கு.

அந்த மண்ணுக்குத்தான் அத்தான் கொத்தனாரைக் கூட்டிவந்தார்.

நான் அன்றைக்கு அங்கே இருந்தேன். நாலு வீடு தள்ளித்தான் என் வீடு. ஆஸ்பத்திரிக்குத் தலையணை உறை தைத்துக் கொடுக்கிறவள் நான், அதற்கு அக்காவிடம் துணி வாங்க வந்திருந்தேன். கொத்தனார் டேப்பைப் பிடித்து அளந்துகொண்டிருந்தார். அக்கா வேலை முடிந்து உள்ளே வந்தாள்.

"என்னங்க அளக்கறீங்க?"

"சிமெண்டு போடப் போறேன். சாயங்காலம் நாற்காலியைப் போட்டு உட்கார ஒரு இடம் வேண்டாமா? கால் வச்சா மண்ணா ஒட்டுது."

"நாள் முழுக்க நான் சிமெண்டு மேலதாங்க நிக்கறேன். வீட்டுக்கு வந்தா காலை வைக்க இந்தத் துண்டு மண்ணு ஒண்ணுதான் இருக்கு. நான் இதுல தக்காளி போடலாம்னு இருக்கேன்."

அத்தான் கொத்தனாரைப் பார்த்துச் சிரித்தார். ஆள் சேர்த்துக்கொண்டு சிரிப்பதில் அவருக்கு ஒரு சுகம்.

"கேட்டீரா? தக்காளியாம்! ஏய், தக்காளின்னா என்னன்னு தெரியுமா? எங்க அப்பா போட்டாரு. ஆள் உசரம் வரும். கம்பு நடணும், கயிறு கட்டணும், வாரா வாரம் பக்கக் கிளையைக் கிள்ளணும். நீ துணி மடிச்சுட்டு வந்து இதெல்லாம் பண்ணுவியா?"

"இது குட்டை ரகங்க. முழங்கால் உசரத்துல நின்னுடுமாம். கம்பு வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். சீக்கிரம் பழுத்துடுமாம். விதைக்கடைக்காரம்மா சொன்னாங்க."

"விதை விக்கறவ வேற என்ன சொல்லுவா?"

கொத்தனார் டேப்பைச் சுருட்டிக்கொண்டே, "எப்படியும் நான் வர மூணு மாசம் ஆகும் சார். பள்ளிக்கூடக் கட்டடம் ஒண்ணு கையில இருக்கு. அதுவரைக்கும் அம்மா தக்காளி போட்டா போட்டுட்டுப் போகட்டுமே" என்றார்.

அத்தானுக்கு அப்போதுதான் யோசனை வந்தது. தோற்கப் போகிறவளோடு பந்தயம் கட்டுவது அவருக்குக் கொள்ளை ஆசை.

"சரி. இவரு வேலைக்கு வர்ற அன்னைக்கு ஒரு பழம், ஒரே ஒரு பழம், சிவப்பா கையில காட்டு. மண்ணு உனக்கு. அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன். காட்டலேன்னா சிமெண்டு. கொத்தனாரு சாட்சி."

"நான் எதுக்கு சார் சாட்சி?"

"வாய் இருக்குல்ல? அப்போ சாட்சிதான்."

அக்கா சரி என்றாள். அவள் அந்த வீட்டில் எதற்கும் பந்தயம் கட்டி நான் பார்த்ததில்லை.

விதைக்கடைக்கு நானும் கூடப் போனேன். கடைக்காரம்மா விதைப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, கண்ணாடியை மூக்கில் இறக்கி எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்.

"நாத்தாக ஒரு மாசம். எடுத்து நட்டா ஐம்பத்தஞ்சு அறுபது நாள்ல பழம். காலையில ஒரு தடவை தண்ணி, வேரடி காயாம எதையாவது போட்டு மூடிடு. வேற ஒரு வேலையும் இல்ல. ஒண்ணே ஒண்ணு, இதைக் கிள்ளிடாதே. பெரிய தக்காளி வளர்ந்துகிட்டே போகும், அதைக் கிள்ளலாம். இது ஒரு அளவுக்கு வந்து நின்னுடும். பக்கக் கிளையிலதான் காய் புடிக்கும். கிளையை எடுத்தா குச்சிதான் மிச்சம். மறுபடி துளிர்க்கும்னு நினைக்காதே."

"என் கை சும்மாதான் இருக்கும்" என்றாள் அக்கா. "எனக்கு நேரம் ஏது கிள்ள?"

காகிதக் கப்பில் விதை போட்டாள். பத்து முளைத்தது. ஒரு மாதம் கழித்து ஒன்பது நாற்றை வரிசையாக மண்ணில் நட்டாள். பத்தாவதுக்கு இடம் பத்தவில்லை. தூக்கிப் போட மனசில்லாமல், குழாயடியில் விரிசல் விட்டுக் கிடந்த துணி ஊறவைக்கிற டப்பில் மண்ணை நிரப்பி அதில் நட்டுவைத்தாள். ஆஸ்பத்திரியில் கிழிந்து கழித்த பருத்தித் துணியைக் கேட்டு வாங்கிவந்து, நனைத்து, எல்லாச் செடியின் வேரடியிலும் விரித்தாள். காலையில் வேலைக்குக் கிளம்பும் முன்னால் செடிக்கு ஒரு சொம்பு தண்ணீர். அதோடு அவள் வேலை முடிந்தது.

அத்தானுக்குத்தான் வேலை முடியவில்லை. பின்கதவை ஒட்டி நாற்காலியைப் போட்டுக்கொண்டு காலையிலிருந்து சாயங்காலம்வரை அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதைத் தண்டனை என்று சொல்ல வேண்டும், யாருக்கு என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

"என்ன இது, கீரை மாதிரி இருக்கு?"

"ஒண்ணு பெருசு, ஒண்ணு சின்னது. வரிசைன்னா ஒரே மாதிரி இருக்க வேண்டாமா?"

"மூணாவது செடி கோணல்."

அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுச் செடிகளுக்கு நடுவில் போய் நிற்பாள்.

நட்டு மூன்று வாரம் இருக்கும். கிளை விட்டு, நுனியில் மொட்டுக் கட்டத் தொடங்கியிருந்தது. தைத்த உறைகளைக் கொடுக்கலாம் என்று மத்தியானம் போனேன். அக்கா வர இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. நாற்காலியில் அத்தானைக் காணவில்லை. எட்டிப் பார்த்தால், தாழ்வான ஸ்டூல் ஒன்றைச் செடி வரிசைக்கு முன்னால் போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஒரு செடி முடிந்ததும் ஸ்டூலை ஒரு முழம் நகர்த்திப் போட்டுக்கொள்கிறார். பாட்டில் நகரவில்லை என்றால் இவர் நகர வேண்டியதுதானே. எட்டாவது செடிக்கு வந்துவிட்டார். முன்னால் இருந்த ஏழும் வாத்தியார் கைப்பிரம்பு மாதிரி நின்றன.

"அத்தான்! என்ன பண்றீங்க?"

"உங்க அக்கா பண்ண வேண்டியதை நான் பண்றேன்."

"இதைக் கிள்ளக் கூடாதுன்னு கடைக்காரம்மா ஒரு தடவைக்கு ரெண்டு தடவை சொன்னாங்களே! அக்காவும் உங்ககிட்ட சொன்னாளே!"

"எங்க அப்பா தக்காளி போடும்போது உங்க கடைக்காரம்மா பொறந்திருக்கவே மாட்டா. பக்கத்துல முளைக்கறது எல்லாம் திருட்டுக் கிளை. சத்தை உறிஞ்சிடும். கீழ் இலையும் வேண்டாம். இந்த மொட்டு பாரு, எவ்வளவு சின்னது. இதுல பழம் வந்தா கோலிக்குண்டு சைஸுக்குத்தான் வரும். வேண்டாததை எடுத்தாத்தான் நல்லது நிக்கும்."

"பந்தயத்துல ஜெயிக்கணும்னா இப்படியா?"

அதைக் கேட்டு அவருக்கு நிஜமாகவே கோபம் வந்தது. இதை நான் சொல்லியாக வேண்டும். அவர் வஞ்சகம் பண்ணவில்லை. வஞ்சகம் பண்ணுகிறவனுக்குத் தான் செய்வது கெடுதல் என்றாவது தெரிந்திருக்கும். இவர் உதவி பண்ணுவதாக நினைத்துக்கொண்டிருந்தார்.

"உன் அக்கா தோக்கறது எனக்கு ஒண்ணும் ஆசை இல்ல. செடி செடியா இருக்கணும். அவ்வளவுதான்" என்று சொல்லிக்கொண்டே ஒன்பதாவதுக்கு ஸ்டூலை நகர்த்தினார்.

நான் போய்க் கையைப் பிடித்தேன். தட்டிவிட்டார். கீழே செய்தித்தாள் விரித்து, கிள்ளினதையெல்லாம் பிரித்து வைத்திருந்தார். இலை தனி, கிளை தனி, மொட்டு தனி. மூன்று குவியலும் அவ்வளவு நேர்த்தி!

அக்கா வந்தாள். செருப்பைக் கழற்றினாள். மண்ணில் காலை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஒவ்வொரு தண்டாக விரலை ஓட்டிப் பார்த்தாள்.

"எல்லாத்தையும் எடுத்துட்டீங்களா?"

"ஒண்ணு விடல" என்றார் அத்தான், பாராட்டை எதிர்பார்த்து.

"ம். சுத்தமா இருக்கு."

செய்தித்தாளை நாலு மூலையும் சேர்த்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் பின்னாலேயே போனேன். அடுப்பங்கரையில் அந்தப் பொட்டலத்தைக் கையில் வைத்தபடி நின்று, ரொம்ப மெதுவாகக் கேட்டாள்:

"அவர் குழாயடிக்குப் போனாரா?"

"அங்க எதுக்கு அவர் போகப் போறார்?"

"அப்போ சரி."

அதன் பிறகு வந்த நாட்களில் ஒன்பது தண்டும் நட்ட கம்பாகவே நின்றன. உச்சியில் இரண்டு இலை, அதுவும் வெயிலில் சுருண்டு. ஒன்றிரண்டில் பூ மாதிரி ஏதோ வந்தது, அதையும் தகுதி இல்லை என்று அத்தான் எடுத்தார். டப்பில் இருந்த பத்தாவது செடி, காலை வெயில் முழுக்கத் தன்மேல் விழ, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கோழி அடைகாக்கிற மாதிரி நாலு பக்கமும் பரந்து உட்கார்ந்தது. பூத்தது. காய்த்தது. இலையை விலக்கினால் கொத்துக் கொத்தாகப் பச்சைக் காய்.

அக்கா அதை ஒளித்து வைக்கவில்லை. துணி உலர்த்துகிற கொடிக்குக் கீழே எல்லார் கண்ணுக்கும் முன்னால் இருந்தது. வேலை கிடக்கிற இடத்துக்கு அத்தான் வர மாட்டார், அதைவிட நல்ல பூட்டு கடையில் கிடைக்காது.

ஆனால் பள்ளிக்கூடக் கட்டடம் சீக்கிரம் முடிந்துவிட்டது. ஐந்து நாள் முன்னாலேயே, வருகிற திங்கட்கிழமை வேலைக்கு வருகிறேன் என்று கொத்தனார் சொல்லி அனுப்பினார். அத்தானுக்குக் குஷி. நாங்கள் போய்ச் செடியைப் பார்த்தோம். எல்லாம் பச்சை. இரண்டு காய் மட்டும் வெளுத்து, அடியில் லேசாக மஞ்சள் தட்டியிருந்தது.

"திங்கட்கிழமைக்குள்ள சிவக்குமா?" என்றேன்.

"சிவக்கலேன்னா சிமெண்டுதான். பேசினது பேசினதுதானே." அக்கா கீழே குனிந்து வெடிப்பு விட்ட குதிகாலைத் தேய்த்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஒரு தக்காளிப் பழத்துக்காக ஆண்டவனைத் தொந்தரவு பண்ணலாமா என்று யோசித்தேன். பண்ணினேன். ஆண்டவனுக்குத் தெரியும், அது தக்காளி விஷயம் இல்லை என்று.

திங்கட்கிழமை கொத்தனார் சிமெண்டு மூட்டையோடு வந்துவிட்டார். அக்கா அன்றைக்கு லீவு போட்டிருந்தாள். அத்தான் குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, ஒன்பது குச்சிகளுக்கு முன்னால் நின்றார்.

"பார்த்தீரா? ஒம்போது செடி. ஒரு பழம் இருக்கா? அன்னைக்கே சொன்னேன். நானும் என்னால ஆனதைப் பண்ணிப் பார்த்தேன். ரகமே சரியில்ல."

கொத்தனார் குச்சிகளைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், பாவமாக இருந்திருக்கும் போல, தலையைச் சொறிந்தார்.

"கொத்தனாரே, முதல்ல கையைக் கழுவிட்டு ஒரு டீ குடிங்க" என்றாள் அக்கா. "குழாய் அந்தப் பக்கம்."

அவர் போனார். கொடியில் தொங்கிய ஈர விரிப்புக்குப் பின்னால் மறைந்தார். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. நின்றது. பிறகு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"சார்! இங்க வாங்க!"

"என்னய்யா?"

"வந்து பாருங்க சார், கால் தேய்ஞ்சுடாது!"

இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அத்தான் குழாயடிக்குப் போனார். வழி தெரியாமல் ஈர விரிப்பில் முகத்தைக் கொடுத்து, அதோடு கொஞ்ச நேரம் சண்டை போட்டுவிட்டு அந்தப் பக்கம் வந்தார். டப்பில் மூன்று பழம் சிவப்பாகவும் நாலைந்து ஆரஞ்சு நிறமாகவும் தொங்கின. கொத்தனார் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, குழந்தையைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எப்போ வந்தது?" என்றார் அத்தான்.

"அந்த ஒம்போதும் வந்த அன்னைக்கே" என்றாள் அக்கா.

அத்தான் ஒரு பழத்தைப் பறித்தார். அவர் அதைத் தூக்கி வெயிலுக்கு நேராகப் பிடித்து, இரண்டு விரலால் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் முகம் தெளிந்தது.

"காம்புகிட்ட தழும்பு இருக்கு. இது செல்லாது."

"சார்?"

"அதுவும் இல்லாம, மண்ணுல வச்சது இல்ல. டப்புல வச்சது."

"டப்புக்குள்ள என்ன சார் இருக்கு, சர்க்கரையா?" என்று கொத்தனார் எழுந்தார். "ஒரு பழம், சிவப்பா, கையில. அவ்வளவுதான் சொன்னீங்க. பொண்ணு பார்க்கற மாதிரி அழகா இருக்கணும்னு சொல்லவே இல்ல. நான் சாட்சி. வாய் இருக்குன்னுதானே என்னைப் புடிச்சுப் போட்டீங்க?"

"நீர் சும்மா இரும். எது நல்லது எது கெட்டதுன்னு எனக்குத் தெரியும். முப்பத்தொரு வருஷம்..."

அக்கா அவர் கையிலிருந்து பழத்தை வாங்கிக்கொண்டாள். பிடுங்கவில்லை, வாங்கிக்கொண்டாள்.

"முப்பத்தொரு வருஷம் கெட்டதை எடுத்து எடுத்துப் போட்டீங்க. சரி. இந்த வீட்டுல நல்லது எதுன்னு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. சொன்னீங்கன்னா நீங்க சிமெண்டு போட்டுக்குங்க. நான் ஒண்ணும் பேசல."

அத்தான் வாயைத் திறந்தார். அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், செடியைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார். ஒரு சொல் போதும் அவருக்கு. அக்காவையே கைகாட்டியிருந்தால் அவள் அழுதிருப்பாள், மண்ணையும் கொடுத்திருப்பாள். எனக்கு அவளைத் தெரியும். அவர் தேடிப் பார்த்தார். கடைசியில், "குழாய் ஒழுகுது" என்றார்.

கொத்தனார் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

"அப்போ நான் மூட்டையை எடுத்துக்கிட்டுக் கிளம்பறேம்மா."

"இருங்க கொத்தனாரே, வந்தது வீணா வேண்டாம்" என்றாள் அக்கா. "துவைக்கற கல்லு ஆடுது. அதை மட்டும் பூசிக் குடுத்துட்டுப் போங்க."

இது நடந்து ஒரு வருஷம் ஆகிறது. அந்த ஒன்பது குச்சியையும் பிடுங்கிவிட்டு அக்கா புதிதாக நட்டாள். இப்போது எட்டடிக்கு ஆறடி முழுக்கக் குட்டைச் செடி. பழுத்த பழத்தைத் தெருவில் நாலு வீட்டுக்குக் கொடுக்கிறாள். ஆஸ்பத்திரியில் கூட வேலை பார்க்கிறவர்களுக்கும் கொண்டுபோகிறாள். நடுவில் காலை வைக்க மட்டும் இரண்டு பாதம் அளவுக்கு இடம் விட்டிருக்கிறாள்.

அத்தான் சாய்வு நாற்காலியை வாசல் பக்கம் மாற்றிக்கொண்டார். தட்டில் பழம் வந்தால் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, என்ன குறை என்று சொல்லிவிட்டு, உப்புத் தொட்டு ஒன்று விடாமல் சாப்பிட்டு முடிக்கிறார்.

போன வாரம் மூன்றாவது வீட்டுக்காரர் வாசலில் நின்று, "எங்க வீட்டுலயும் அந்த ரகம்தான் போட்டிருக்கோம் சார், உங்க அளவுக்குக் காய்க்கலையே" என்றார். அத்தான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கிள்ளினீங்களா?"

"ஆமா, பக்கக் கிளை நிறைய வந்தது..."

"அங்கதான் தப்பு" என்றார் அத்தான், ரொம்ப வருத்தத்தோடு. "குட்டை ரகத்தைக் கிள்ளவே கூடாது. எங்க வீட்டுல ஒரு இலையைத் தொட நான் யாரையும் விட்டதில்ல. விஷயம் தெரியாதவங்க கையை வச்சுக் கெடுத்துடுவாங்க."

நான் வாசற்படியிலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டேன். பின்பக்கம் போனால் அக்கா மண்ணில் வெறுங்காலோடு நின்று செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவர் பேசினது அவளுக்கும் கேட்டிருக்கும். சொம்பைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டுவரை ஊற்றிவிட்டு, அடுத்த செடிக்கு நகர்ந்தாள்.